கன்னியப்பனின் ராசியான வரி

முதலியார்பேட்டையில் கடலூர் சாலையை ஒட்டி, ஒரு சைக்கிள் கடைக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்தது கன்னியப்பனின் டைப்பிங் கடை. சுனாமி வருவதற்கு முந்தைய வருஷமே அவர் தட்டச்சு மெஷினைப் பரணில் ஏற்றிவிட்டு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். கூடவே பிரிண்டர், ஃபேக்ஸ் எல்லாம் வந்தன. இங்கிலீஷில் ஒரு மனு எழுத வேண்டுமென்றால், அந்தப் பக்கத்து ஜனங்கள் வக்கீல் வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்னால் இவரிடம்தான் வருவார்கள். கன்னியப்பன் எழுதினால் காரியம் நடக்கும் என்று வீராம்பட்டினம் வரைக்கும் பேச்சு இருந்தது.

அப்பேர்ப்பட்ட கன்னியப்பனுக்கு இங்கிலீஷ் என்றால் பயம். ஏதோ கூச்சம், தயக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். நிஜமான பயம். இது அவர் மனைவி ஜெயத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பயம் அவருக்குப் பரம்பரைச் சொத்து. அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரியில் பியூனாக இருந்தவர். நகராட்சி ஆபீசுக்குப் புதுச்சேரியில் இன்றைக்கும் பழைய ஆட்கள் சொல்லும் பெயர் அதுதான். துரை பிரெஞ்சில் ஏதாவது சொன்னால், "உய், முசியே" என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, துரை என்ன சொன்னார் என்று குமாஸ்தாவிடம் கேட்டுக்கொள்வாராம். அப்படித் தலையாட்டியே ஒரு உத்தியோகத்தை முழுசாக ஓட்டி முடித்தார் மனுஷன். பிரெஞ்சு போய் இங்கிலீஷ் வந்தது. அப்பாவின் தலையாட்டல் மட்டும் மகனிடம் வந்து சேர்ந்தது.

கன்னியப்பன் இளவயதில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தார். அங்கே கைவழியாகப் போன மனுக்களில் இருந்த வரிகளையெல்லாம் மனதில் வாங்கி வைத்துக்கொண்டார். பின்னால் கடை போட்டபோது அந்த வரிகளே முதலீடு. ரேஷன் கார்டுக்கு ஒரு மனு, மின்சார இணைப்புக்கு ஒரு மனு, கல்லூரியில் சஸ்பெண்ட் ஆன பையனுக்கு ஒரு மனு என்று கம்ப்யூட்டரில் தனித்தனியாகச் சேமித்து வைத்திருந்தார். ஆள் வந்தால் அந்த மனுவைத் திறப்பார், பேரை மாற்றுவார், ஊரை மாற்றுவார், பிரிண்ட் போட்டுக் கொடுப்பார். தன் வாழ்நாளில் சொந்தமாக ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை அவர் உண்டாக்கியதே கிடையாது. உண்டாக்கினால் எந்த இடத்தில் சறுக்கும் என்று அவருக்கே தெரியாது. படித்த பிள்ளைகள் யாராவது கடைக்கு வந்து மனுவை வாங்கி வாசித்துப் பார்த்தால், வாசித்து முடிக்கும் வரை அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். கம்ப்யூட்டர் ஏதாவது ஒரு வார்த்தைக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டுவிட்டால், பிரம்போடு வாத்தியார் பின்னால் வந்து நின்றது போலத் தோள் குறுகிவிடும்.

அவரிடம் ஒரு ராசியான வரி இருந்தது. 'நோயிங்லி ஆர் அன்நோயிங்லி' என்று வரும். தெரிந்தோ தெரியாமலோ செய்துவிட்ட பிழையைப் பெரிய மனது பண்ணி மன்னித்தருள வேண்டுகிறேன் என்று அர்த்தம். மின் கட்டணம் கட்டாமல் விட்டவருக்கு அந்த வரி அபராதத்தைக் குறைத்துக் கொடுத்தது. சுனாமி நிவாரணத்துக்குப் பெயர் பதியப் பிந்தி வந்த குப்பத்து ஜனங்களுக்கு அந்த வரியால் பட்டியலில் இடம் கிடைத்தது. கிடைக்காமல் என்ன? பெரிய மனிதர் முன்னால் போனால் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தப்பு செய்தோமோ இல்லையோ, முதலில் மன்னிப்பைக் கேட்டு வைப்பதுதான் நம் ஊர் வழக்கம். அதிகாரிக்கும் அது தெரியும். மன்னிப்புக் கேட்பவன் குற்றவாளி என்று அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். மரியாதை தெரிந்தவன் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

2006-ஆம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதற்குக் கொஞ்சம் முன்னால், பாக்கியலட்சுமி கடைக்கு வந்தாள். வீராம்பட்டினத்துக்காரி. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். காலி அன்னக்கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தவள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவள் புருஷன் சந்திரமோகனின் படகைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. வேறு வழியில்லாமல் அவன் வெளிநாட்டுக்குப் போய், ஒரு முதலாளியின் படகில் கூலிக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்தான். எந்த நாடு என்று கேட்டால் துபாய் என்பாள். வளைகுடாவில் எந்த நாடாக இருந்தாலும் குப்பத்தில் அதற்குப் பெயர் துபாய்தான். அங்கே படகிலிருந்த என்ஜின் ஒன்று காணாமல் போய்விட்டது. அன்றைக்குப் படகுக்குக் காவல் சந்திரமோகன் என்று சொல்லி முதலாளி அவனைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் கேஸ் நீதிபதியிடம் போகிறது. குற்றம் ருசுவானால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான். கூட வேலை பார்க்கும் இராமதாஸ் என்பவன் போன் பண்ணி, குடும்பத்திலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தால் கேஸ் கட்டில் சேர்த்துவிடுவதாக ஸ்டேஷன் ஆபீசர் சொன்னார் என்று சொல்லி, ஃபேக்ஸ் நம்பரும் கொடுத்திருந்தான்.

"நீ எழுதுனா கல்லும் கரையும்னு சொல்றாங்கண்ணே. எப்டியாச்சும் அவர கொண்டாந்து சேத்துடு" என்றாள் பாக்கியலட்சுமி.

திருட்டுக் கேசுக்குக் கன்னியப்பனிடம் மனு இல்லை. வெளிநாட்டு நீதிபதிக்கு எழுதிய மனுவும் இல்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கன்னியப்பனால் முடியாத இங்கிலீஷ் ஒன்று உண்டு என்ற சேதி அன்று மாலைக்குள் வீராம்பட்டினம் போய்விடும். அந்தப் பயம் பெரிதா, எழுதுகிற பயம் பெரிதா என்று பார்த்து, எழுத உட்கார்ந்துவிட்டார்.

தலைப்பகுதியைச் சுனாமி மனுவிலிருந்து எடுத்தார். நடுப்பகுதியைச் சஸ்பெண்ட் ஆன கல்லூரிப் பையனின் மனுவிலிருந்து எடுத்தார். அந்த மனுவில் பையன் செய்த குற்றத்தைக் குறிப்பிட ஒரு இடம் உண்டு. அந்த இடத்தில் என்ஜின் திருட்டு என்று போட்டார். கடைசியில் ராசியான வரி. முடித்ததும் பாக்கியலட்சுமிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். கடலம்மா சோதித்த குடும்பம், இரண்டு பெண் பிள்ளைகள், தெரிந்தோ தெரியாமலோ நடந்துவிட்ட பிழையை ஐயா அவர்கள் மன்னித்து அனுப்ப வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இதைக் கேட்டு இரங்காதவன் மனுஷனே இல்லை என்று சொல்லிவிட்டு, தமிழில் கையெழுத்துப் போட்டாள். ஃபேக்ஸ் போய்விட்டது என்று மெஷின் சீட்டைத் துப்பியது. கன்னியப்பனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து மழை. கடைக்கு ஒருவரும் வரவில்லை. புதிதாக ஒரு மனு எழுதினால் அதை அடுத்த ஆளுக்கு உதவுகிற மாதிரி சேமித்து வைப்பது அவர் வழக்கம். பெயர் இருக்கும் இடங்களையெல்லாம் அழித்துப் புள்ளி வைப்பார். பிறகு சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, புள்ளி இருக்கும் இடத்தில் தன் பெயரையே அடித்து ஒருமுறை வாசிப்பார். சட்டை தைத்த தையல்காரர் தன் மேலேயே வைத்துப் பார்ப்பது போலத்தான். அன்றைக்கும் சந்திரமோகன் என்ற பெயரை அழித்துவிட்டு கன்னியப்பன் என்று அடித்து வாசித்தார்.

என்ஜினைத் திருடிய குற்றத்தைத் தெரிந்தோ தெரியாமலோ செய்துவிட்ட கன்னியப்பனை மன்னித்தருள வேண்டுகிறோம் என்று இருந்தது.

அவர் இன்னொரு தடவை வாசித்தார். சந்திரமோகன் பெயர் இருந்தபோது மனுவாகத் தெரிந்தது, தன் பெயர் வந்ததும் வாக்குமூலமாகத் தெரிந்தது. கம்ப்யூட்டர் ஒரு வார்த்தைக்கும் சிவப்புக் கோடு போடவில்லை. இலக்கணம் சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தம்தான் அவரைக் கிலி பிடிக்க வைத்தது. எங்கேயாவது ஒரு எழுத்து பிசகியிருந்தால் ஏதோ படிக்காதவன் எழுதியது என்று அந்த நீதிபதி தள்ளிவிட்டிருப்பார். இவ்வளவு திருத்தமாக எழுதிய கடிதத்தை யார் தள்ளுவார்கள்? துண்டை இடுக்கிக்கொண்டு நிற்கும் பழக்கமெல்லாம் அந்த ஊர்க்காரருக்கு எப்படித் தெரியும்? பெண்டாட்டியே ஒப்புக்கொண்டாள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார் கன்னியப்பன். இரண்டாவதாக ஒரு கடிதத்தைத் தானே எழுதி, பாக்கியலட்சுமியின் கையெழுத்தையும் தானே போட்டு, யாருக்கும் தெரியாமல் அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பேனாவை எடுத்தார். கை வரவில்லை. மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த ஜெயத்திடம் விஷயத்தைச் சொன்னார். ஜெயம் பாத்திரத்தைக்கூடத் திறக்கவில்லை. உடனே போய் அந்தப் பெண்ணிடம் சொல்லச் சொன்னாள்.

"சொன்னா கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்" என்றார் கன்னியப்பன்.

"மூடுனா மூடுது. அங்க ஒரு மனுஷன உள்ள வச்சிப் பூட்டப் போறாங்க. நீ கடையப் பத்திப் பேசுற."

பெரிய மார்க்கெட்டுக்குப் போனார். தெரிந்த முகங்களெல்லாம் வணக்கம் சொல்லின. பாக்கியலட்சுமி சங்கரா மீனை அடுக்கி வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நல்ல சேதி என்று நினைத்து முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் விஷயத்தைச் சொல்லி, அந்த வரியை எடுத்துவிட்டு வேறு கடிதம் போட வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவள் கத்துவாள், கூட்டம் கூடும் என்று பயந்துதான் போயிருந்தார். அவளோ கோபப்படவே இல்லை. மன்னிப்புக் கேட்டதில் என்ன குறை, பெரிய இடத்தில் முதலில் காலில் விழுந்துவிட வேண்டும், அந்த வரி இருக்கட்டும் என்றாள். இவர் எடுத்தால்தான் திமிர் பிடித்தவர்கள் என்று நினைத்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இத்தனை பேருக்கு வேலை செய்த வரியைத் தன் புருஷனுக்கு மட்டும் ஏன் எடுக்க வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் பேரில் அவளுக்கு இருந்த நம்பிக்கைதான் இப்போது குறுக்கே நின்றது. அதை உடைக்காமல் வேறு வழியில்லை.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது, பாக்கியம்" என்றார் கன்னியப்பன். "எவனோ எழுதி வச்சத பாத்துப் பாத்து அடிக்கிறவன் நான். அது நம்ம ஊர்ல செல்லும். அங்க கால்ல வுழுந்தா, செஞ்சேன்னு அர்த்தம்."

பாக்கியலட்சுமியின் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு அப்படியே நின்றது. தன் முகத்திலிருந்த பயம் அவள் முகத்துக்குப் போனதைக் கன்னியப்பன் கண்ணால் பார்த்தார். அவள் பக்கத்தில் கடை போட்டிருந்த கமலவேணியிடம் மீனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தாள். டெம்போவில் முதலியார்பேட்டை வந்து சேரும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கடையில் உட்கார்ந்த பிறகுதான், முதல் நாள் கேட்காத கேள்வியைக் கன்னியப்பன் கேட்டார். உண்மையில் என்ன நடந்தது? இராமதாஸ் போனில் சொன்னதை அவள் சொன்னாள். என்ஜின் போன அன்று சந்திரமோகனுக்குக் கடுமையான காய்ச்சல். சாயங்காலமே கரைக்கு வந்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு அங்கேயே படுத்துவிட்டான். படகுக் கொட்டகையின் சாவி முதலாளியின் மச்சானிடம் இருந்தது. இவ்வளவும் அவளுக்கு முதல் நாளே தெரியும். அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மனு என்றால் அழுவதற்கு என்றுதான் இரண்டு பேருமே நினைத்திருந்தார்கள்.

பழைய மனு எதையும் திறக்காமல் வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்தார் கன்னியப்பன். என் கணவர் என்ஜினைத் திருடவில்லை என்று முதல் வாக்கியத்தை அடித்தார். தாழ்மையுடன் என்றோ ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்றோ ஒன்றும் இல்லாமல் அது தனியாக நின்றது. சட்டை போடாமல் தெருவில் இறங்கியது போல அவருக்குக் கூசியது. இப்படியெல்லாம் ஒரு நீதிபதிக்கு எழுதலாமா, எழுதினால் கோபம் வருமா என்று ஒன்றும் தெரியவில்லை. அன்று அவருக்குக் காய்ச்சல். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே சீட்டு இருக்கும், தயவுசெய்து பாருங்கள். ஒவ்வொரு வரியையும் அடித்துவிட்டு அவளுக்குத் தமிழில் சொன்னார். அவள் சரி என்ற பிறகு அடுத்த வரிக்குப் போனார். கடைசியில் தன் குறிப்பாக, முதல் கடிதத்தில் இருந்த மன்னிப்பு வரி அவள் சொன்னதல்ல, டைப் செய்தவன் போட்டது, அந்த ஆள் நான்தான் என்று எழுதித் தன் பெயரையும் கடை முகவரியையும் கீழே போட்டார். பயத்தில் ஒரு எழுத்தை இரண்டு தடவை அடித்துவிட்டு அழித்தார்.

ஃபேக்ஸ் லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். மெஷின் கூவிக் கூவி நின்றது. பாக்கியலட்சுமி சுவரைப் பார்த்து மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் போய்ச் சேர்ந்தது.

இரண்டு கடிதமும் கேஸ் கட்டில் இருக்கிறது என்று இராமதாஸ் போன் பண்ணினான். அது நல்லதா கெட்டதா என்று அவனுக்கும் தெரியவில்லை. கேஸ் தள்ளிப் போனது, மறுபடியும் தள்ளிப் போனது. அந்த நாட்களில் கன்னியப்பன் பட்ட பாடு சொல்லி மாளாது. போன் அடித்தால் தூக்கிவாரிப் போடும். கடை வாசலில் யாராவது வேகமாக வந்தால் குப்பத்து ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று எழுந்து நின்றுவிடுவார். ராசியான வரியைக் கேட்டு வந்தவர்களுக்கு அது இல்லை என்று சொல்லி அனுப்பினார். சிலர் முனகிக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். ஜெயம் சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், இல்லாவிட்டால் இல்லை.

பொங்கல் கழிந்து சேதி வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்துவிட்டது, சந்திரமோகன் குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டார்கள். முதலாளி விசாவை ரத்து பண்ணி ஊருக்கு ஏற்றிவிட்டார். சேதியைக் கேட்டதும் கன்னியப்பன் கடையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். பயம் விட்டுப்போன அழுகை. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார்.

மாசி மகத்துக்கு முந்தின நாள் புருஷனும் பெண்டாட்டியும் கடைக்கு வந்தார்கள். சந்திரமோகன் பாதியாக இளைத்திருந்தான். பாக்கியலட்சுமி ஓயாமல் பேசினாள். அண்ணன் மார்க்கெட்டுக்கே வந்ததை, டெம்போவில் தான் முகம் கொடுக்காமல் வந்ததை எல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, முதலில் போன கடிதத்தில் என்ன இருந்தது என்று தமிழில் சொல்ல முடியுமா என்று கன்னியப்பனிடம் கேட்டான்.

கன்னியப்பன் சொன்னார். தெரிந்தோ தெரியாமலோ நடந்த பிழையை ஐயா மன்னிக்க வேண்டும் என்பது வரை சொல்லி நிறுத்தினார்.

"தமிழ்ல இப்டித்தானா இருந்திச்சி" என்றான் சந்திரமோகன். "அங்க ஒரு மலையாளத்தாரு படிச்சி சொன்னாரு. உம் பொண்டாட்டியே நீ திருடுனத ஒத்துக்கினு மன்னிப்பு கேக்குறான்னாரு. ரெண்டாவது காயிதம் போனது எனக்கு யாரும் சொல்லல. வெளிய வந்தப்புறம் இராமதாஸ் சொல்லித்தான் தெரியும். ஒருநாளு இவகிட்ட போன் பேச வுட்டாங்க. கொரலக் கேட்டேன். பேசப் புடிக்காம வச்சிட்டேன்."

லைன் கட்டாகிவிட்டது என்றுதான் பாக்கியலட்சுமி இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதிக்குப் பயந்தார் கன்னியப்பன், ஊருக்குப் பயந்தார், கடைக்குப் பயந்தார். அந்த வரியை இவனும் கேட்பான் என்று ஒருநாளும் அவர் பயந்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். தமிழிலும் ஒன்றும் வரவில்லை.

"ரெண்டாவதுல இன்னா எழுதியிருந்திச்சிண்ணே" என்று கேட்டான் சந்திரமோகன்.

கன்னியப்பன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அதற்குள் பாக்கியலட்சுமி புருஷனின் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நீ திருடலன்னு எழுதியிருந்திச்சி" என்றாள். "நாந்தான் சொன்னேன்."

சந்திரமோகன் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.